வெண்ணெய் நம்முடையது, தாழி யாருடையது?

(பட்டிமன்றத் தலைப்பு: சமூக வலைத்தளங்களில் மக்களுக்கு நலம் தருவது பெரிய நிறுவனங்கள் நடத்தும் தளமா? சிறு குழுக்கள் கூடி நடத்தும் தளமா? ஊத்துக்குளி மேடையில், ‘சிறு குழுக்கள் கூடி நடத்தும் தளமே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! நான் பேச எழுந்த பிறகும் ஒரு கண்ணால் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) ஊத்துக்குளிப் பெரியோர்களே, தாய்மார்களே! ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற பனியன் கம்பெனித் தோழர்களே!

இந்தத் தலைப்பைக் கொடுத்ததும் நான் முதலில் பயந்துபோனது ‘சர்வர்’ என்ற சொல்லுக்குத்தான். நான் படித்த காலத்துல சர்வர்னா, தோளில் துண்டு போட்டுக்கிட்டு, நாலு டம்ளரை ஒரே கையில தூக்கிட்டு வர்றவர். என் மகள் சொன்னா, “அப்பா, அது கம்ப்யூட்டர்ப்பா. நாம கேக்குறதை உள்ளே போய் எடுத்துட்டு வந்து கொடுக்கும்.” நான் சொன்னேன், “அப்ப ரெண்டும் ஒண்ணுதானம்மா, டிப்ஸ் மட்டும்தான் கிடையாது!” (சிரிப்பு, கைதட்டல்)

டிப்ஸ் கிடையாதுன்னு அன்னிக்குச் சொன்னேன். இப்ப யோசிச்சுப் பார்த்தா அது தப்பு. டிப்ஸ் நாம கொடுத்துக்கிட்டுதான் இருக்கோம், நமக்குத் தெரியாமலே. இலவசம் இலவசம்னு எதிரணித் தலைவர் ஆறு தடவை சொன்னார். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். நாம எதைப் பார்க்கிறோம், எதுல நிக்கிறோம், எதை ரெண்டாவது தடவை தொடுறோம்னு அத்தனையும் கணக்கு எடுத்து, அதுக்கேத்த மாதிரி விளம்பரம் போட்டுக் காசு பார்க்கிறாங்க. அதுல எனக்குக் கோபம் இல்லை. அது அவங்க வியாபாரம். என் கேள்வி வேறே.

இது வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். இங்கே வந்து வெண்ணெயைப் பத்திப் பேசாம போனா கதித்தமலை முருகனே மன்னிக்க மாட்டான். தயிர் நம்முடையது, கடையற கை நம்முடையது, திரண்டு வர்ற வெண்ணெயும் நம்முடையது. ஆனா தாழி மட்டும் வேறொருத்தருடையது. அவர் எப்ப வேணும்னாலும் தாழியைத் தூக்கிட்டுப் போகலாம்னா, அந்த வெண்ணெய்க்கு என்ன பாதுகாப்பு? இதுதான் ஐயா, என் கேள்வி.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கேட்கவில்லை. என் மாணவி ஒருத்தியின் கண்ணீரைப் பார்த்துக் கேட்கிறேன்.

இந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமம். என்னிடம் தமிழ் இலக்கியம் படித்த பெண். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வெளி வேலைக்குப் போக முடியாத நிலை. சும்மா இருக்கல. நாலு பவர் டேபிள் வெச்சிருந்த சொந்தக்காரர் கிட்டத் துணி வாங்கி, பச்சைக் குழந்தைக்குப் போடுற சட்டை, ஜட்டி, குல்லா தைக்கக் கொடுத்து, ஒரு பெரிய சமூக வலைத்தளத்துல படம் போட்டு வித்தா. பேர் எதுக்கு? எந்தத் தளம்னு நான் சொல்லப் போறதில்லை. ஆறு வருஷம் உழைச்சா. பதினோராயிரம் பேர் பின்தொடர்ந்தாங்க. சென்னையில இருந்து ஆர்டர், சிங்கப்பூர்ல இருந்து ஆர்டர். ஐப்பசி மாசம், தீபாவளிக்குப் பத்து நாள். விடிகாலையில போனைத் திறக்கிறா. பக்கம் இல்லை. ‘எங்கள் விதிகளை மீறியதால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டது.’ எந்த விதி? சொல்லல. எந்தப் படம்? சொல்லல. முறையீடு செய்ய ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினா. பதில் எவ்வளவு நேரத்துல வந்தது தெரியுமா? நாலு நிமிஷம்! ‘பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை.’ நாலு நிமிஷத்துல ஆறு வருஷத்தைப் பரிசீலிச்சுட்டாங்க!

என்னைப் பார்க்க வந்தா. “என்ன சாமி, முகமே வாடியிருக்கு?”ன்னேன். சொன்னா. சொல்லி முடிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டா: “ஐயா, கடைக்கு யாராச்சும் தீ வெச்சிருந்தாக்கூட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்பேனுங்க. இதுக்கு நான் எங்கீங்கய்யா போறது?”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைன்னு நம்ம பெரியவங்க சொன்னாங்களே, அதை இந்த ஊர்ப் பொண்ணு வாழ்ந்து காட்டினா. (அமைதி)

நடுவர் அவர்களே! சிலப்பதிகாரத்தை முப்பது வருஷமா வகுப்பில் நடத்துகிறேன். கண்ணகிக்கு நடந்தது கொடுமை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவள் போய் நிற்க ஓர் அரண்மனை வாசல் இருந்தது. அந்த வாசலில் ஒரு காவலன் இருந்தான். அவன் உள்ளே போய்ச் சொன்னான். மன்னன் அவளை உள்ளே அழைத்தான், கேட்டான். தன் பிழை தெரிந்ததும் உயிரையே விட்டான். கையில் சிலம்போடு வந்தவளுக்குக் கேட்பதற்கு ஒரு மனிதன் கிடைத்தான். கையில் செல்போனோடு நிற்கிற என் மாணவிக்கு யார் கிடைத்தார்கள்? ஒரு பட்டன் கிடைத்தது! (கைதட்டல்)

எதிரணியில் இருக்கிற வழக்கறிஞர் அம்மையார் தலையாட்டுறாங்க. “சட்டம் இருக்கு”ன்னு சொல்ல வர்றாங்க. உண்மை, இருக்கு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்கணும். அவர் பதில் திருப்தி இல்லைன்னா, முப்பது நாளுக்குள்ள அரசு அமைத்திருக்கிற மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் அப்படி மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. என் மாணவிக்கு இது தெரிஞ்சப்ப முப்பது நாள் முடிஞ்சுபோச்சு! எனக்கே அப்பத்தான் தெரியும். இங்கே இருக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம்... நாலு கை. அதுல ஒண்ணு வழக்கறிஞர் அம்மையாருடையது! (சிரிப்பு) வீட்டுக்குப் போனதும் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள்.

சாமானியப் பொண்ணுக்குத்தான் இந்தக் கதின்னு நினைக்காதீங்க. 2019 அக்டோபர் மாதம். சஞ்சய் ஹெக்டே, உச்ச நீதிமன்றத்தின் மூத்த வழக்கறிஞர். அவருடைய கணக்கை ட்விட்டர் முடக்கியது. காரணம், அவர் வைத்திருந்த ஒரு பழைய படம். 1936-ல் ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் தளத்தில் கூட்டமே ஹிட்லர் வணக்கம் செய்கிறது. ஒரே ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உலகப் புகழ்பெற்ற படம். ஹிட்லருக்குக் கை தூக்காத மனிதனின் படம், வெறுப்பைப் பரப்பும் படம் என்று முடிவாகிவிட்டது! அவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார். உச்ச நீதிமன்றத்தில் வாதாடுகிறவருக்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது என்றால், குழந்தைக் குல்லா விக்கிற பொண்ணு எந்தப் படியேறுவா?

அந்த வருஷம் நவம்பர் மாதம், நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் ட்விட்டரை விட்டு வேறொரு தளத்துக்குப் போனார்கள். அதன் பெயர் மாஸ்டடான். 2016-ல் ஜெர்மனியைச் சேர்ந்த யூஜின் ராஷ்கோ என்ற இளைஞர் தொடங்கியது. அது என்ன விசேஷம்? அதைச் சொல்ல நான் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. இங்கிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறினால் போதும்.

பனியன் கம்பெனித் தோழர்களே, நீங்க சொல்லுங்க. ஒரு டீசர்ட் ஒரே கூரைக்குக் கீழேயா பிறக்குது? நிட்டிங் ஒரு இடம். சாயம் ஒரு இடம். காம்பாக்டிங் ஒரு இடம். பிரிண்டிங் வேற இடம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங்... எல்லாத்தையும் ஒரே வளாகத்துல செய்யற பெரிய கம்பெனி சிலது இருக்கு. ஆனா திருப்பூரைத் திருப்பூராக்கினது அது மட்டுமா? ஆயிரக்கணக்கான சின்ன யூனிட்! ஜாப் ஒர்க்! ஒவ்வொருத்தருக்கும் தனி முதலாளி, தனிக் கணக்கு, தனிப் பூட்டு. அப்புறம் எப்படி ஒண்ணாச் சேர்ந்து வேலை நடக்குது? எல்லாருக்கும் ஒரே பாஷை இருக்கு. ‘இந்த டயா, இந்த ஜிஎஸ்எம்’னு ஒரு சலான்ல எழுதிக் கொடுத்தா, எந்த நிட்டிங்காரருக்கும் புரியும். ஒருத்தர் சரியில்லைன்னா அடுத்த தெருவுக்குத் துணியைத் தூக்கிட்டுப் போயிடலாம். துணி நம்முடையது! (கைதட்டல்)

மாஸ்டடான் அதேதான். ஒரே கம்பெனி இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன சர்வர். ஒண்ணை ஒரு பல்கலைக்கழகம் நடத்தும், ஒண்ணை நாலு நண்பர்கள் நடத்துவாங்க, ஒண்ணை ஓர் ஊர்ச் சங்கம் நடத்தும். ஒவ்வொண்ணுக்கும் தனி விதி, பொறுப்பாளர் இன்னார்னு பெயரோட இருக்கும். ஆனா ஒரு சர்வர்ல இருக்கிறவர் இன்னொரு சர்வர்ல இருக்கிறவரோட தாராளமாப் பேசலாம். ஜிமெயில்காரர் யாகூகாரருக்குக் கடிதம் போடுறார் இல்லையா, அந்த மாதிரி. இதுக்கான பொதுப் பாஷையை, நம்ம டயா, ஜிஎஸ்எம் மாதிரி, 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. ஆக்டிவிட்டிபப் என்று அதற்குப் பெயர். இருக்கிற சர்வர் பிடிக்கலையா? வேற சர்வருக்குக் குடி போகலாம். உங்களைப் பின்தொடர்றவங்களும் கூடவே வந்துடுவாங்க. ஒரு குறையையும் சொல்லிடறேன். பழைய பதிவுகள் பழைய இடத்துலயே நின்னுடும். வீடு மாறும்போது சுவத்துல மாட்டின படம் விட்டுப்போற மாதிரி. ஆனா சொந்தக்காரங்க விட்டுப்போக மாட்டாங்க.

இது ஏதோ நடக்காத கதைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சாட்சி. உங்க சட்டைப் பையில இருக்கிற போன் நம்பர்! ஒரு காலத்துல செல்போன் கம்பெனி மாறணும்னா நம்பரையும் விட்டுட்டுப் போகணும். கல்யாணப் பத்திரிகையில அடிச்ச நம்பர், கடை போர்டுல எழுதின நம்பர். அந்தப் பயத்துலயே மோசமான சேவையைப் பொறுத்துக்கிட்டோம். 2011 ஜனவரி 20-ஆம் தேதி, நம்பரை மாத்தாமலே கம்பெனியை மாத்தலாம்னு நாடு முழுக்க வந்துச்சு. எந்தக் கம்பெனியும் மனசு இரங்கித் தரலை. ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது, வந்தது. நம்பர் கம்பெனியினுடையதல்ல, நம்முடையது என்று அன்றைக்கு ஏற்றுக்கொண்டார்கள். சிநேகிதர்களும் வாடிக்கையாளர்களும் மட்டும் எப்படி ஐயா கம்பெனியுடைய சொத்து ஆனார்கள்?

எதிரணித் தம்பி ஒருத்தர் கேட்டார்: “பெரிய கம்பெனின்னா நிலைச்சு நிக்கும். சின்னது நாளைக்கே மூடிடும்.” நல்ல கேள்வி. பதில் சொல்றேன். ஆர்குட்! நம்ம பிள்ளைங்க எல்லாம் அதுலதான் கிடந்தாங்க. நடத்தினது கூகுள். 2014 செப்டம்பர் 30, மூடிட்டாங்க. கூகுள் பிளஸ்! 2019 ஏப்ரல், மூடிட்டாங்க. ட்விட்டர்! 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். அடுத்த ஜூலையில் பெயரே எக்ஸ் ஆயிடுச்சு. வித்தவர் நம்மைக் கேட்டாரா? வாங்கினவர் கேட்டாரா? வீட்டோட சேர்த்துக் குடியிருந்தவங்களையும் கிரயம் பண்ணிட்டாங்க! (கைதட்டல்) “அப்ப நம்ம நாட்டுக் கம்பெனி இருந்தா சரியாப்போகும்”னு சிலர் சொன்னாங்க. 2020-ல் கூ வந்தது. தமிழ்லயும் எழுதலாம். மந்திரிகளே சேர்ந்தாங்க. 2024 ஜூலையில் மூடிட்டாங்க. எந்த நாட்டுத் தாழிங்கிறது கேள்வி இல்லை. தாழி உடைஞ்சா வெண்ணெயை அள்ளிக்க வழி இருக்கான்னுதான் கேள்வி.

சின்ன சர்வரும் மூடிடும்தான், நன்கொடையில ஓடுறது. ஆனா மூடும்போது பக்கத்து வீட்டுக்குப் போக வழி இருக்கு. பெரிய தளம் மூடினா வழியே இல்லை. அதுதான் வித்தியாசம்.

இப்போது நேர்மையாக இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்கிறேன். பட்டிமன்றத்தில் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பார்கள். நான் ஆசிரியன், பழக்கம் விடவில்லை.

முதலாவது: “அங்கே ஆளே இல்லையே!” வாஸ்தவம். பேஸ்புக்குக்கு மாதம் முந்நூறு கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள். மாஸ்டடானில் பத்து லட்சத்தைத் தொடுவதே கஷ்டம். 2022 நவம்பரில் ட்விட்டர் கைமாறின கோபத்தில் இருபது லட்சத்துக்கு மேல் கூடினார்கள். பாதிக்கும் அதிகமானவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். 2019-ல் போன நம்மவர்களும் அப்படித்தான். ஏன் திரும்பினாங்க? அது நல்லாயிருந்ததாலயா? சிநேகிதங்க எல்லாம் இங்கேயே இருக்காங்களே, அதனால! சொந்தபந்தம் உள்ளே மாட்டியிருக்கிற வீட்டை விட்டு யார் தனியா வெளியே போவாங்க? நண்பர்களே, நீங்க அதைத் தளத்தோட பெருமைன்னு சொல்றீங்க. நான் அதைக் கதவுக்கு வெளியில போட்ட தாழ்ப்பாள்னு சொல்றேன்.

இரண்டாவது: “சின்னச் சின்னதா இருந்தா யார் பொறுப்பு? கெட்டவங்க ஒளிஞ்சுக்குவாங்களே!” இதையும் ஒப்புக்கொள்கிறேன். சின்னதா இருக்கிறதாலேயே நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். நொய்யல் ஆறு அதுக்குச் சாட்சி. அத்தனை சின்னச் சாயப்பட்டறையும் ‘நான் விடறது கொஞ்சம் தண்ணிதானே’ன்னு விட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தனையையும் மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. அப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிப்படுத்தி, சாயத் தண்ணி வெளியே போகாமப் பார்த்துக்கிட்டாத்தான் பட்டறை ஓடலாம்னு ஆச்சு. கூடி நடத்தறதுன்னா கூடிப் பொறுப்பேத்துக்கணும். மாஸ்டடான்லயும் அப்படி ஒரு சோதனை வந்தது. 2019 ஜூலையில், வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் என்ற அமெரிக்கத் தளம் அந்த மென்பொருளை எடுத்துக்கிட்டு உள்ளே வந்தது. மத்த சர்வர்காரங்க பெரும்பாலோர் என்ன பண்ணினாங்க? கூடிப் பேசினாங்க, தொடர்பைத் துண்டிச்சாங்க. ‘உன் சாயத் தண்ணி எங்க வாய்க்காலுக்குள்ள வரக் கூடாது’ன்னாங்க! கம்பெனி உத்தரவு போடல. ஊர்க்கூட்டம் முடிவு பண்ணுச்சு. (கைதட்டல்)

இன்னொரு செய்தி. யூஜின் ராஷ்கோ 2025-ல் தலைமைப் பொறுப்பை விட்டு இறங்கி, லாப நோக்கமில்லாத அமைப்பின் கையில் அதை ஒப்படைத்தார். தான் பெற்ற பிள்ளையை ஊருக்குக் கொடுத்தார். பெரிய தளத்து முதலாளி யாராவது அப்படி இறங்கியிருக்கிறாரா, எதிரணியினர் தேடிப் பார்த்துச் சொல்லட்டும்.

சரி, என்ன செய்யணும்? நாளைக்குக் காலையில எல்லாரும் பெரிய தளத்தை விட்டு வெளியே வாங்கன்னு நான் சொல்லல. சொன்னா என் வீட்டுலயே கேட்க மாட்டாங்க! (சிரிப்பு) சம்பந்தி வீட்டுல இருந்து தினமும் ரோஜாப்பூ வெச்சுக் காலை வணக்கம் வருது. பதில் போடலைன்னா குடும்பப் பிரச்சினை! நான் கேட்கிறது ஒண்ணுதான். கதவு உள்ளேயிருந்து திறக்கணும்.

அது முடியுமா? நம்ம நாட்டுலயே முடிஞ்சிருக்கு. 2016-ல் வந்த யுபிஐயைப் பாருங்க. தக்காளி விக்கிற அம்மா ஒரு ஆப் வெச்சிருக்காங்க, நீங்க வேறே ஆப் வெச்சிருக்கீங்க, பேங்க்கும் வேறே வேறே. பணம் போகுதா இல்லையா? நடுவில ஒரு பொதுப் பாதை போட்டாங்க, போகுது. பணம் போகிற பாதையில பேச்சு போகாதா? நம்ம ஜோஹோ நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அரட்டை செயலி, 2025 செப்டம்பர், அக்டோபரில் திடீரென்று எல்லார் போனிலும் ஏறியது. அப்போது ஸ்ரீதர் வேம்பு அவர்களே, இந்தச் செயலிகள் யுபிஐ மாதிரி, ஈமெயில் மாதிரி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றுதான் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியம் ஒருபடி மேலே போய் 2022-ல் சட்டமே போட்டது. 2024 மார்ச் முதல், பெரிய செய்திச் செயலிகள் கேட்கிற சிறு செயலிகளுக்குத் தங்கள் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். நம்பருக்குக் கேட்டு வாங்கின நாம, இதையும் கேட்டு வாங்கணும்.

அதுவரைக்கும்? என் மாணவியின் கதையை முடிக்கிறேன்.

அழுதுட்டுப் போனவ, ரெண்டு மாசம் கழிச்சு வந்தா. கையில இனிப்பு. “பக்கம் திரும்பக் கிடைச்சுருச்சா கண்ணு?”ன்னேன். “இல்லீங்கய்யா. இனி வராதுங்க. எங்க அத்தை நோட்டு காப்பாத்திருச்சுங்க”ன்னா.

அவ மாமியார் அந்தக் காலத்துல வீடு வீடா வெண்ணெய் கொடுத்தவங்க. படிப்பு மூணாவது வகுப்பு. மருமக போன்ல வியாபாரம் ஆரம்பிச்சப்பவே, அந்த அம்மா பழைய வெண்ணெய்க் கணக்கு நோட்டை எடுத்து, “கண்ணு, வாங்கறவங்க பேரையும் நம்பரையும் இதுல எழுதி வெய்யி. போனு போனாப் போவுது. ஆளுதான் யாவாரம்”னு சொல்லியிருக்காங்க. மருமக சிரிச்சிருக்கா. ஆனாலும் அத்தை மனசு நோகக் கூடாதுன்னு எழுதியிருக்கா. பதினோராயிரம் பேர்ல நானூறு சொச்சம் பேர். பக்கம் போனப்ப, அந்த நானூறு பேருக்கும் ஒவ்வொருத்தரா போன் போட்டா. அதுல இருந்து மறுபடி எழுந்தா.

நடுவர் அவர்களே! மூணாவது படிச்ச அந்த அம்மாவுக்கு மாஸ்டடான் தெரியாது, ஆக்டிவிட்டிபப் தெரியாது. ஆனால் இந்தத் தலைப்பின் சாரம் தெரிந்திருக்கிறது. தாழி யாருடையதாக இருந்தாலும் வெண்ணெயை நம் கையில் வைத்துக்கொள்! பெரிய தளம் அந்த நோட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறது. சிறு குழுக்கள் கூடி நடத்தும் தளம் அந்த நோட்டை நம் கையிலேயே கொடுக்கிறது. எது மக்களுக்கு நலம் என்பதை இந்த வெண்ணெய் ஊர்த் தாய்மார்களே சொல்லட்டும்!

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், வேண்டியவங்க பத்துப் பேருடைய நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதைத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே.

(பலத்த கைதட்டல்)